கிடைக்குமிடம்

முன்பெல்லாம் தமிழ்ப் புத்தகங்களின் பின்னட்டையில் ‘கிடைக்குமிடம்’ என்று ஒரு வரி இருக்கும். கதவு எண், தெரு, ஊர். வேண்டியவர்கள் ஒரு அஞ்சலட்டை போட்டால் வி.பி.பி.யில் புத்தகம் வந்துவிடும். இன்று வாட்ஸ்அப்பில் வரும் புத்தக விளம்பரத்தில் அந்த வரியின் வேலையைச் செய்வது ஒரு சுட்டிதான். அட்டைப்படத்துக்கு நாள்கணக்கில் மெனக்கெடுகிறவர்கள்கூட, சுட்டியைக் கடைசி நிமிடத்தில் ஒட்டி அனுப்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் மனசு ஆறுவதில்லை.

கொடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூர், கூக்கால் பக்கம் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அங்கிருந்து ஒரு கல்லூரி மாணவி, விளம்பரச் சுட்டி ஒன்றைத் தட்டிவிட்டு, ஒருமுறை போன் செய்தாள்: “அக்கா, தட்டுனா கடையோட முகப்புதான் வருது. புத்தகத்தைக் காணோம்.” அந்த முகப்பு திறக்கவே அவள் எவ்வளவு நேரம் காத்திருந்தாளோ. அதன் பிறகு அவள் தேட வேறு வேண்டுமா?

தேடச் சொல்வதிலும் சிக்கல் உண்டு. கொடைக்கானல் இருக்கும் பழனி மலையைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளவை; அவற்றில் மலையின் பெயரோ ஆளுக்கொரு விதம். இதன் தாவரங்களைப் பற்றி நூல் எழுதியவர்களில் பைசன் தன் தலைப்பில் ‘புல்னி’ என்று எழுதினார், பின்னால் வந்த மாத்யூ ‘பல்னி’ என்றார், இன்றைய பிள்ளைகள் ‘பழனி’ என்று தட்டுகிறார்கள்.

பைசனையே எடுத்துக்கொள்வோம். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். நீலகிரியிலும் பழனி மலையிலும் 6,500 அடிக்கு மேல் பூக்கும் செடிகளைப் பற்றி அவர் எழுதிய நூலின் முதல் இரண்டு தொகுதிகள் 1915-இல் வந்தன, மூன்றாவது 1920-இல். அவர் 1947-இல் காலமானார். நம் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழித்து நூல் பொதுவுடைமை ஆகிவிடும். ஆகவே இன்டர்நெட் ஆர்கைவில் இருக்கும் பிரதியின் சுட்டியை யாருக்கும் தயக்கமில்லாமல் தரலாம். ஆனால் எந்தத் தொகுதியின் சுட்டி? விளக்கம் முதல் தொகுதியில், படங்கள் இரண்டாவதில். இரண்டாவதை மட்டும் கொடுத்தால், பூவின் படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி ஒன்றும் அறியாமல் திரும்ப வேண்டியதுதான். நான் முதல் தொகுதியை முதலில் வைத்து, படத் தொகுதியை அடுத்த வரியில் தருவேன்.

மாத்யூ பாதிரியாரின் கதை வேறு. திருச்சி ராப்பினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரகத்தில் இருந்து அவர் உழைத்துத் தந்த பழனி மலைத் தாவர நூல் 1999-இல் மூன்று பகுதிகளாக வெளிவந்தது. அவர் மறைந்தது 2004-இல். அந்த நூல் இன்னும் காப்புரிமைக்கு உட்பட்டது. எங்கோ ஒரு பிடிஎஃப் கிடைத்தாலும் அதன் சுட்டியைப் பரப்புவது அந்த உழைப்புக்குச் செய்யும் அவமரியாதை. வெளியிட்டவர்களின் பக்கமோ, நூலை வைத்திருக்கும் நூலகத்தின் பக்கமோதான் கொடுக்க வேண்டும்.

தமிழ்த் தலைப்புள்ள பக்கங்களில் இன்னொரு தொல்லை. முகவரியை நகலெடுத்து ஒட்டினால், ‘பழனி’ என்ற மூன்றெழுத்தே விழுக்காட்டுக் குறிகளும் ஆங்கில எழுத்துகளும் எண்களுமாக 36 குறிகளுக்கு நீண்டுவிடும். பார்ப்பவர் ஏதோ மோசடி என்று பயந்து தொடவே மாட்டார். அதற்காகச் சுருக்குச் சுட்டி போடுகிறார்கள். ஆனால் அதுவும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது. கூகுள் தன் சுருக்குச் சேவையில் புதிய சுட்டிகள் தருவதை 2019-இலேயே நிறுத்தியது. 2025-இல், நடமாட்டம் இல்லாத பழைய சுட்டிகளையும் முடக்கியது. மலையைப் பற்றிய புத்தகங்களுக்கு நடமாட்டம் எப்போதும் குறைவுதான். கொடைக்கானலில் குறிஞ்சி 2018-இல் பூத்தது, இனி 2030-இல் பூக்கும். 2018-இல் குறிஞ்சி நூலுக்குப் போட்ட விளம்பரத்தை 2030-இல் ஒருவர் எடுத்துத் தட்டினால் பக்கம் திறக்க வேண்டாமா?

அதனால் கடைப் பக்கத்தின் சுட்டியில் கேள்விக்குறிக்குப் பின்னால் தொங்கும் வாலை வெட்டிவிட்டு, பக்கம் அப்போதும் திறக்கிறதா என்று வேறொருவர் போனில் பார்க்கிறேன். பதிப்பகத்துக்குச் சொந்தத் தளம் இருந்தால் கடையை விட அதற்கே முதலிடம். சுட்டிக்குக் கீழே ஆசிரியர் பெயர், பதிப்பாண்டு, ஐஎஸ்பிஎன் மூன்றையும் எழுத்தாகவே சேர்த்துவிடுகிறேன். சுட்டி செத்துப்போனாலும், வத்தலகுண்டிலோ மதுரையிலோ ஒரு புத்தகக் கடைக்காரரிடம் அந்த எண்ணைக் காட்டிக் கேட்கலாம்.