நம் அக்கன்

ஜனவரி 12, திங்கள்
அக்காவுக்குப் பொங்கல் சீர் வாங்கக் கீழவாசல் போனவன், வெயில் தாழப் பெரிய கோயிலுக்குள் நுழைந்தேன். விமானத்தின் அடியில் ராஜராஜன் தன் 26ஆம் ஆட்சியாண்டில், 1010ஐ ஒட்டி, வெட்டச் சொன்ன கல்வெட்டு. தான் கொடுத்தவை, அக்கா கொடுத்தவை, தன் பெண்டுகள் கொடுத்தவை என்று வரிசை போகிறது. மனைவியருக்கும் முன்னால் அக்கா! குந்தவையை அவன் சொல்லும் சொல் ‘நம் அக்கன்’. பெண்ணைக் குறிக்கும் சொல்லுக்கு ‘ன்’ ஈறு.

ஜனவரி 13, செவ்வாய்
ஹுல்ட்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியைப் புரட்டினேன். குந்தவை கொடுத்தவற்றைச் சொல்லும் கல்வெட்டில் அவளே ‘திருத்தமக்கையார்’ ஆகிறாள். ‘திரு’வும் ‘ஆர்’உம் மரியாதை. நடுவில் இருப்பது தம் + அக்கை. அரசன் வாய்ச்சொல்லில் ‘நம்’. வேறொருவர் எடுத்துச் சொன்னால் ‘தம்’. ஆள் ஒருத்திதான், பேசுகிறவர் மாற, முன்னொட்டும் மாறிவிட்டது.

ஜனவரி 14, புதன், போகி
பழந்தமிழில் முறைப்பெயர்கள் இப்படித்தான் உறவைக் காட்டின. என் அப்பா எந்தை, உன் அப்பா நுந்தை, அவன் அப்பா தந்தை. எங்கை, நுங்கை, தங்கை. எம்பி, உம்பி, தம்பி. இதில் ‘பி’யைப் ‘பின்’ என்று விரிப்பார்கள், பின்னால் பிறந்தவன். சொல்லுக்கு முதலில் குற்றியலுகரம் வருவது முறைப்பெயரில் மட்டுமே என்கிறது தொல்காப்பியத்தின் மொழிமரபு. உரைகாரர்கள் அதற்குக் காட்டுவது ‘நுந்தை’.

 

ஜனவரி 16, வெள்ளி, திருவையாறு
காலையில் அக்கா மஞ்சள் இலையில் கனுப்பிடி வைத்தாள், உடன்பிறந்தவர்கள் நன்றாயிருக்க. பக்கத்து வீட்டு அம்மாள் என்னைப் பார்த்து, “உங்க தம்பியா?” என்றார். ‘உங்க’ ஒன்று, ‘தம்’ ஒன்று: ஒரே உறவுக்கு இரண்டு உடைமை. கம்பன் காலமென்றால் ‘உம்பி’யே போதும். எந்தை இன்று தேவாரம் ஓதும் இடத்தில்தான் காதில் விழுகிறது. நுந்தை இலக்கண வகுப்போடு சரி. பேச்சில் தங்கியவை தம்பியும் தங்கையும்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு கல்லூரிப் பையனிடம், “தம்பி, படியில நிக்காதீங்க” என்றார். யார் தம்பி என்று யாரும் கேட்கவில்லை. ‘எம்பி’ என்று ஊரான் பிள்ளையைக் கூப்பிட முடியுமா? ‘தம்’ தன் சொந்தக்காரனை மறந்துபோனதால்தான் அந்தச் சொல் ஊருக்கே பொதுவாயிற்று.