கையில் இல்லாத கிளட்ச்

டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியில் கிளட்ச் என்று ஒன்று இருப்பது ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு நினைவிலேயே இருக்காது. கையில் கிளட்ச் லீவர் இல்லை, காலில் கியர் இல்லை. முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும். சிவகாசியிலிருந்து வெம்பக்கோட்டை போகிற சாலையில் காலையில் நின்றால், பட்டாசு ஆலைகளுக்குப் போகும் வேன்களுக்கு நடுவே இந்த வண்டிகள்தான் ஊர்ந்துகொண்டிருக்கும். முன்னால் தூக்குச்சட்டி, பின்னால் ஒருவரோ இருவரோ. 1980இல் டிவிஎஸ் 50 வந்தது; 2015இல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100 வந்தது. ஊர்க்காரர்களுக்கு இன்னமும் எல்லாமே ‘டிவிஎஸ் ஃபிப்டி’தான். காடு மேடெல்லாம் போவதற்கென்றே நாலு சக்கர வண்டிகளை வெளிநாடுகளில் லட்சக்கணக்கில் விலை சொல்லி விற்கிறார்கள். அவற்றில் பலவற்றுக்குள்ளும் இருப்பது எக்ஸ்எல்லில் இருக்கிற, எஞ்சின் வேகமெடுத்தால் தானே பிடித்துக்கொள்ளும் இதே மையவிலக்குக் கிளட்ச்தான். கரிசல் காட்டில் அந்த வேலையை எக்ஸ்எல் பார்த்துக்கொள்கிறது.

அந்தச் சாலையோரத் தகரக் கொட்டகையில் பழைய வண்டிகளைப் பழுதுபார்க்கும் அண்ணாச்சியிடம் நான் போனபோது, பட்டாசு ஆலையில் தரைச்சக்கரம் சுற்றும் வேலைக்குப் போகிற ஒரு அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“கத்துதுண்ணே. நகர மாட்டேங்குது.”

“போனஸ்ல வாங்குனதா தாயி?”

“ஆமா. வாங்கையில நல்லாத்தான் போச்சு.”

அண்ணாச்சி சிரித்தார். பழைய வண்டி விற்கிறவர் எப்போதும் குளிர்ந்த வண்டியைத்தான் ஓட்டிப் பார்க்கக் கொடுப்பார், அதுவும் ஒற்றை ஆளாக, சமதளத்தில். தேய்ந்த கிளட்ச்கூட அப்போது ஒழுங்காகப் பிடிக்கும். எஞ்சின் சூடேறி, பின்னால் ஆளும் ஏறி, மேடும் வந்தால்தான் சாயம் வெளுக்கும்.

உடனே கழற்றிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. பட்டாசு ஆலையில் பெரும்பாலான வேலைக்கு உருப்படிக் கணக்கில்தான் கூலி. வண்டி ஒரு நாள் கொட்டகையில் கிடந்தால் அந்த நாள் கூலியும் கிடையாது. அதனால் நோய் இன்னதென்று தெரியாமல் மூடியைத் திறப்பதை அவர் கிட்டத்தட்ட குற்றமாகவே நினைக்கிறார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. நகரத்து சர்வீஸ் சென்டர்களில் இந்தப் பொறுமையை நான் அதிகம் பார்த்ததில்லை.

முதலில் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றினார். பிரேக் உரசுகிறதா, செயின் இறுகிக் கிடக்கிறதா என்று பார்க்க. இரண்டும் இல்லை. ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் விட்டார். சக்கரம் மெல்லச் சுழன்றது. பிரேக்கை லேசாகத் தொட்டதும் நின்றுவிட்டது. எண்ணெய் இழுக்கிற இழுவை அது, பரவாயில்லை. நிற்காமல் திமிறினால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதென்று அர்த்தம். ஸ்பிரிங் தளர்ந்த வண்டி சிக்னலில் நிற்கும்போதுகூட முன்னே தாவும். கிளட்சுக்குள் இருக்கும் ஷூவும் ஓயாமல் உரசிச் சீக்கிரம் தேயும்.

பிறகு உதவியாளரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சாலையில் ஒரு நடை போய் எஞ்சினைச் சூடாக்கினார். அடுத்தது கண்மாய்க் கரை ஏற்றம். நான் கீழேயே நின்று கேட்டேன். பாதி மேடு வரை சத்தமும் வேகமும் ஒன்றாக ஏறின. அதற்குமேல் சத்தம் மட்டும் கிறீச்சென்று உயர்ந்தது. வண்டி நடக்கிற வேகத்துக்கு இறங்கிவிட்டது.

“சத்தம் ஏறி வண்டி ஏறலைன்னா கிளட்ச். சத்தமே ஏறலைன்னா எஞ்சின்ல பாக்கணும்” என்றார் கீழே இறங்கி வந்து. பிஸ்டன் தேய்ந்தாலோ கார்புரேட்டர் அடைத்தாலோ எஞ்சினே மூச்சு வாங்கும், கத்தாது. இந்த வித்தியாசம் காதில் விழாதவர்கள்தான் கிளட்ச் ஸ்லிப் ஆகிற வண்டிக்கு கார்புரேட்டரைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

அப்போதும் திறக்கவில்லை. “என்ன ஆயில் ஊத்துன?” என்று கேட்டார். வீட்டுக்காரர் வேன் டிரைவரிடம் மிச்சமிருந்ததை வாங்கி ஊற்றினாராம். கிளட்ச் எண்ணெயில் ஊறிக்கொண்டே வேலை செய்வதால் எண்ணெயின் குணம் அதற்கு முக்கியம். காருக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் பொருள் சேர்ந்திருக்கும். எஞ்சினுக்கு நல்லது, ஊறும் கிளட்சுக்கு ஆகாது. பைக் ஆயில் டப்பாவில் ‘ஜாசோ எம்ஏ’ என்று போட்டிருப்பது இதற்காகத்தான். ஆயில் மட்டுமே காரணமென்றால் அதை மாற்றி ஓட்டிப் பார்த்தாலே சரியாகிவிடலாம். ஆனால் தட்டில் வடித்த எண்ணெய் கன்னங்கரேல் என்றிருந்தது. விரலில் தேய்த்து என் மூக்கருகே நீட்டினார். கருகல் வாடை.

இனித் திறப்பதில் தப்பில்லை. மூடியைக் கழற்றி, புல்லர் போட்டுக் கிளட்சை வெளியே எடுத்தார். ஷூவின் லைனிங் சொரசொரப்பு போய்க் கண்ணாடியாக மின்னியது. டிரம்மின் உட்புறத்தில் நீலம் பாரித்த ஒரு வளையம். இரும்பு அளவுக்கு மீறிச் சூடானால் விழுகிற நிறம் அது. எஞ்சின் வேகமெடுக்கும்போது இந்த ஷூக்கள் வெளிப்பக்கம் விரிந்து டிரம்மைக் கவ்வ வேண்டும். கவ்வ முடியாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கின்றன.

ஏன் உரசின என்பதற்கான விடை மட்கார்டுக்கு அடியில் இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதும் காய்ந்த கரிசல் மண் கட்டி கட்டியாக விழுந்தது. மழை பெய்தால் இந்த மண் டயரில் அப்பி, மட்கார்டுக்கும் டயருக்கும் இடையே இறுகி, சக்கரத்தையே பிடித்துக்கொள்ளும். இறங்கி மண்ணைத் தள்ளாமல் மேலும் மேலும் முறுக்கினால் அத்தனை சூடும் கிளட்சில்தான் இறங்கும். அந்த அம்மாவிடம் கேட்டால், “மழையில எறங்கி மண்ணு தோண்டிக்கிட்டு நின்னா வேலைக்கு யாரு போறது?” என்கிறார். அதற்கு அண்ணாச்சியிடமும் பதில் இல்லை.

அச்சு பிரஸ்ஸில் கழித்துப் போட்ட காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதினார்: ஷூ செட், ஸ்பிரிங், பேக்கிங், ஆயில். டிரம்மை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பார்க்கலாம், ஆழமாக வரி விழுந்திருந்தால் அதுவும் புதுசுதான்.

“லோக்கல் ஷூ போட்டா கொறையுமாண்ணே?”

“கொறையும். அடுத்த மழைக்கு மறுபடி வருவ.”

அந்த அம்மா தாளை வாங்கி ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டு ஒரிஜினலே போடச் சொன்னார். பாதிப் பணம் இப்போது, மீதி சனிக்கிழமை சம்பளம் வந்ததும். மறுநாள் காலை வேலைக்குப் போவதற்குள் வண்டி வேண்டும் என்றார்; உதவியாளர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்பேர் கடை பூட்டுவதற்குள் ஓடினார்.