கர்சிவ் வராவிட்டால் என்ன?



நேற்று சாயங்காலம் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் இரண்டாம் வகுப்பு படிக்கும் பேரனோடு வந்தார். கையில் நாலு கோடு நோட்டு.

"டீச்சர், இவனுக்குக் கற்றல் குறைபாடு இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாவ. ஆனா பள்ளிக்கூடத்துல கர்சிவ் எழுதலன்னு தினமும் ஏச்சு வாங்குதான். இவனுக்கு இது வேணுமா?"

நோட்டைப் பிரித்தேன். அழித்து அழித்தே தாள் கிழிந்திருந்தது. எனக்குப் பழைய மாணவன் ஒருவன் ஞாபகம் வந்தான்.

அவன் வாயால் கேட்டால் பட்டென்று பதில் சொல்வான். எழுதச் சொன்னால் ஆங்கிலச் சின்ன 'பி'யை 'டி'யாகத் திருப்பிப் போடுவான். டிஸ்லெக்சியா என்ற சொல்லே அப்போது எனக்குத் தெரியாது. சோம்பேறி என்று நினைத்துப் பத்துத் தடவை எழுத வைத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டான். பல வருஷம் கழித்து ஒரு வங்கியில் பார்த்தேன். நல்ல எலக்ட்ரீஷியன். படிவத்தை என்னிடம் நீட்டி, "டீச்சர், நீங்களே நிரப்பித் தாங்க" என்றான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கர்சிவ் சில பிள்ளைகளுக்கு உதவும் என்பது உண்மைதான். அச்செழுத்தில் 'பி'யும் 'டி'யும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுபோல இருக்கும். கர்சிவில் 'பி' மேல்நோக்கி ஏறும் கோட்டில் தொடங்கும். 'டி' வட்டத்தில் தொடங்கும். அதனால் குழப்பம் குறையலாம். ஆனால் பென்சில் பிடித்தாலே கை வலிக்கும் பிள்ளைக்கு அதே கர்சிவ் பெரும் பாரம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழில் 247 எழுத்து. ஆங்கிலத்தில் 26 எழுத்துக்கும் பெரியது, சின்னது, கர்சிவில் பெரியது, சின்னது என்று 104 உருவம். படிக்கும் புத்தகமோ அச்செழுத்தில்தான் இருக்கிறது. அதுவே மனதில் பதியாத பிள்ளையிடம் இன்னொரு வரிசையைத் திணிக்கலாமா?

என் அபிப்பிராயம் இதுதான். முதலில் அச்செழுத்து பதியட்டும். பிறகு குழம்பும் எழுத்துகளை மட்டும் கர்சிவில் காட்டிப் பாருங்கள். உதவினால் தொடருங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அதற்கு மார்க் குறைக்காதீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பொதுத்தேர்வில் இப்பிள்ளைகளுக்குக் கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுத ஆளும் தருகிறார்கள். அரசே ஒத்துக்கொண்டதை இரண்டாம் வகுப்பில் நாம் ஒத்துக்கொள்ளக் கூடாதா?

பேரனுக்கு ஒரு தாம்பாளத்தில் தேரி மணலைப் பரப்பிக் கொடுத்தேன். விரலால் பெரிதாக ஒரு 'டி' எழுதினான். தப்பானதைக் கையால் தடவி அழித்துவிட்டுத் திரும்ப எழுதினான். மணல் கிழியவில்லை.

"டீச்சர், நாளைக்கும் வரட்டா?" என்றான்.

பணியில் இருக்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, கிழிந்த நோட்டோடு உங்கள் வகுப்பிலும் ஒரு பிள்ளை இருக்கும். நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள்.