பார்சிலோனாவில் நான் கத்துக்கிட்ட தமிழ்

நேத்து சாயந்திரம் கிளினிக்குக்கு ஒரு அம்மா வந்தாங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்ல, ஒரு கேள்விதான். "பொண்ணுக்கு நீட்ல மார்க் பத்தல டாக்டர். ஏஜென்ட் ஒருத்தர் வெளிநாட்டுல சீட் வாங்கித் தர்றேங்கிறார். ஸ்பானிஷ் பேசுற நாடாம். நீங்க அங்கெல்லாம் இருந்தவராச்சே, அனுப்பலாமா?" பொண்ணு பக்கத்துல போனை நோண்டிக்கிட்டு உக்காந்திருந்தது.

திருப்பாப்புலியூர்ல (ரயில்வே போர்டுல திருப்பாதிரிப்புலியூர்னு முழுசா இருக்கும், வாய்ல அவ்வளவு வராது) எனக்கு "ஸ்பெயின் டாக்டர்"னு ஒரு பேரு உண்டு. படிச்சது ஒரே ஒரு வருஷம். இருந்தாலும் அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. அந்த அம்மாகிட்ட அரைகுறையா சொன்னதை இங்க முழுசா எழுதுறேன். நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

முதல்ல சட்டம், ஏன்னா பணம் கட்டினப்புறம் இதைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல. தேசிய மருத்துவ ஆணையத்தோட 2021 விதிகள்படி, வெளிநாட்டுல எம்பிபிஎஸ் படிச்சிட்டு இங்க வந்து டாக்டரா பதிவு பண்ணணும்னா படிப்பு குறைஞ்சது 54 மாசம் இருக்கணும். அதே நிறுவனத்துல 12 மாசம் பயிற்சி முடிச்சிருக்கணும். அந்த நாட்டுல அந்த ஊர்க்காரருக்குச் சமமா தொழில் பண்ற உரிமம் கிடைக்கிற படிப்பா இருக்கணும். முக்கியமா, பாடம் நடத்துற மொழி ஆங்கிலமா இருக்கணும். ஸ்பானிஷ்ல நடத்துற எம்பிபிஎஸ் எவ்வளவு நல்ல படிப்பா இருந்தாலும் உங்க பொண்ணுக்கு இங்க உதவாது. "பாதி ஆங்கிலம், போகப் போக மாறிடும்"னு ஏஜென்ட் சொன்னா எழுந்து வந்துடுங்க.

சரி, ஆங்கிலத்துலதான் நடத்துறாங்கன்னு வெச்சுக்குவோம். வார்டுல படுத்திருக்கிற பாட்டி என்ன பாஷை பேசும்? அதை எந்த ஏஜென்ட்டும் சொல்றதில்ல.

இது எனக்கு முதல்ல புரிஞ்சது ஸ்பெயின்ல இல்ல, சிதம்பரத்துல. அண்ணாமலை பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்லூரியிலதான் எம்பிபிஎஸ் படிச்சேன். என் ரூம்மேட் பீகார்க்காரன். புத்தகத்துல எங்க எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுடுவான். வார்டுக்கு வந்தா பாவம். ஒரு அம்மா "நெஞ்சு கரிக்குது"ன்னு சொன்னா என்னைப் பாப்பான். "மாரை அடைக்குது"ன்னா மறுபடி பாப்பான். ரெண்டும் நெஞ்சுதானே, ஒரே வியாதிதானே? இல்லையே. முதல்ல சொன்னது பெரும்பாலும் வயித்துல சுரக்கிற அமிலம். ரெண்டாவதுக்கு உடனே ஈசிஜி எடுக்கணும். குத்துது, குடையுது, கடுக்குது, எரியுது, முறுக்குது, தெறிக்குதுன்னு நம்ம ஆளுங்க வலியைச் சொல்லும்போதே பாதி நோயைச் சொல்லிடறாங்க. அவனுக்கு நான் ஒரு நோட்டு போட்டுக் கொடுத்தேன். கடைசி வருஷத்துல "வயித்தால போகுதா, எத்தினி தடவ?"ன்னு அவன் கேக்குறதைக் கேட்டா கிள்ளைக்காரன்னுதான் நினைப்பீங்க.

பத்து வருஷம் கழிச்சு, 2017ல, அவன் இடத்துல நான் நின்னேன்.

அதுக்கு முன்னாடி ஏன் போனேன்னு சொல்லணும். சொல்லப் பிடிக்கல, ஆனா சொல்லாம இந்தக் கதை இல்ல.

மயக்கவியல் முடிச்சிட்டு ஒரு ஐசியூல வேலை பாத்துக்கிட்டிருந்தேன். பைக் விபத்து, இருபத்திரெண்டு வயசுப் பையன். மூளைச்சாவுன்னு முறைப்படி சோதனை பண்ணி முடிவாயிடுச்சு. அப்பா அம்மாகிட்ட சொல்ற வேலை என்னோடது. நான் சொன்னது இது: "ப்ரெயின் டெத் ஆயிடுச்சுங்க. இப்ப வென்டிலேட்டர் சப்போர்ட்ல இருக்கார்." அந்த அப்பா கடைசி வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டார். "இருக்கார்ங்கிறீங்களே சார்?" நான் என்னமோ சுத்தி வளைச்சேன். "டெக்னிக்கலா..."ன்னு ஆரம்பிச்சது ஞாபகம் இருக்கு. அந்த அம்மா கம்மலை அடகு வெச்சு ஆம்புலன்ஸ் பேசி, சென்னைக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. திண்டிவனம் தாண்டும்போது இதயமும் நின்னுடுச்சுன்னு பின்னாடி தெரிஞ்சது.

அவங்க செத்துப்போன புள்ளையைக் காப்பாத்த ஓடினாங்க. காரணம் என் தமிழ்.

இதே வேலையை உலகத்துலயே நல்லா செய்யறது யாருன்னு தேடினா எல்லாக் கையும் ஸ்பெயினைத்தான் காட்டும். 1989லேயே அங்க தேசிய அளவுல ஒரு உறுப்பு மாற்று அமைப்பு வெச்சாங்க. பெரும்பாலும் ஐசியூ டாக்டர்களையே ஒருங்கிணைப்பாளர்களா போட்டாங்க. 2023ல அங்க பத்து லட்சம் மக்களுக்கு 48.9 பேர் இறந்தபின் உறுப்பு கொடுத்திருக்காங்க. இந்தியாவுல அது இன்னும் ஒண்ணைத் தொடல. நம்ம மாநிலம் சும்மா இருக்கல. 2008ல ஹிதேந்திரனோட பெற்றோர் எடுத்த முடிவு உங்கள்ல பலருக்கு ஞாபகம் இருக்கும். 2023 செப்டம்பர்ல இருந்து உறுப்பு கொடுத்தவங்களோட இறுதிச் சடங்கு அரசு மரியாதையோட நடக்குது. ஆனா குடும்பத்துகிட்ட உக்காந்து பேசுற அந்த அரை மணி நேரத்தை எந்த அரசாணையாலயும் எழுதித் தர முடியாது. அதைக் கத்துக்கத்தான் பார்சிலோனா பல்கலைக்கழகத்துக்குப் போனேன். (இது எம்பிபிஎஸ்ஸுக்கு அப்புறம் படிக்கிற படிப்பு. மேல சொன்ன விதி இதுக்கு இல்ல.)

போறதுக்கு முன்னாடி ஆறு மாசம் ஸ்பானிஷ். இங்கதான் ஒரு ஆச்சரியம். ஆங்கிலக்காரன் "நான் தலைவலி வெச்சிருக்கேன்"ங்கிற மாதிரி சொல்றான். ஸ்பானிஷ்ல "மெ துவெலே லா கபேத்தா": எனக்கு வலிக்குது, தலை. அப்படியே நம்ம வாக்கியம்! "மெ குஸ்தா"ன்னா எனக்குப் பிடிக்குது. ஐரோப்பிய மாணவர்களே இதுல தடுமாறும்போது நான் தமிழ்ல யோசிச்சிட்டு நேரா சொல்லிட்டேன். "பெரோ"ன்னா ஆனால், "பெறோ"ன்னா நாய். சின்ன ர, பெரிய ற. மூணாங்கிளாஸ்ல டீச்சர் காதைத் திருகினது அன்னிக்குத்தான் பலிச்சது. மேசைக்கு "மெசா", அலமாரிக்கு "அர்மாரியோ". இது எப்படின்னு யோசிச்சா விடை நம்ம ஊர்லேர்ந்து முக்கால் மணி நேர பஸ் தூரத்துல இருக்கு, பரங்கிப்பேட்டையில. போர்ச்சுக்கீசியர் இறக்கிவிட்டுட்டுப் போன வார்த்தைங்க. ஸ்பானிஷ் அவங்க மொழிக்குச் சித்தி பொண்ணு.

இந்தத் தைரியத்துல போய் இறங்கினேன். முதல் வாரமே வீட்டுக்கார அம்மா மூக்கைச் சிந்திக்கிட்டு "எஸ்தொய் கொன்ஸ்திபாதா"ன்னாங்க. நம்ம ஆங்கில மூளைக்கு அது மலச்சிக்கல். நிறைய தண்ணி குடிங்க, வாழைப்பழம் சாப்பிடுங்கன்னு டாக்டர் தோரணையில சொன்னேன். அந்த வார்த்தைக்கு அங்க அர்த்தம் ஜலதோஷம்.

இது சிரிச்சிட்டுப் போற விஷயம். எல்லாம் அப்படி இல்ல. 1980, அமெரிக்காவுல ஃபுளோரிடா. வில்லி ராமிரெஸ், 18 வயசு. நினைவில்லாம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாங்க. வீட்டுக்காரங்க "இன்தோக்சிகாதோ"ன்னு சொன்னாங்க. சாப்பிட்டது எதுவோ ஒத்துக்கலைங்கிற அர்த்தத்துல. கேட்டவங்க அதை ஆங்கிலத்துல போதைன்னு எடுத்துக்கிட்டு, போதை மருந்து அதிகமானதுக்கு வைத்தியம் பாத்தாங்க. உண்மையில மூளைக்குள்ள ரத்தக்கசிவு. அது தெரியறதுக்குள்ள ரெண்டு நாளுக்கு மேல ஆயிடுச்சு. அந்தப் பையனுக்குக் கையும் காலும் நிரந்தரமா போச்சு. இழப்பீடு சுமார் 7.1 கோடி டாலர்னு கணக்கு. ஒரே ஒரு வார்த்தை.

இன்னொரு விஷயம் யாரும் எனக்கு முன்கூட்டியே சொல்லல. பார்சிலோனாவுல வீட்டு மொழி நிறையப் பேருக்கு ஸ்பானிஷே இல்ல, கத்தலான். நான் போனது 2017 அக்டோபர். தனிநாடு வேணுமா வேணாமான்னு ஊரே கொதிச்சுக்கிட்டிருந்த நேரம். ராத்திரி பத்து மணிக்கு பால்கனியில நின்னு கரண்டியால பாத்திரத்தைத் தட்டுவாங்க. அரசியலை விடுங்க, வார்டுக்கு வர்றேன். எண்பது வயசுப் பாட்டி ஒருத்தங்க என்னைப் பாத்ததும் மரியாதையா ஸ்பானிஷுக்கு மாறிட்டாங்க. பேரன், காலைச் சாப்பாடு, மழை, எல்லாம் ஸ்பானிஷ். வயித்தைத் தொட்டு அழுத்தினதும் "எம் ஃபா மால்!"னு கத்தினாங்க. கத்தலான். சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல பேசக்கூடாதுன்னு ஃப்ராங்கோ ஆட்சியில தடை பண்ணின மொழி. பள்ளிக்கூடத்துல போகலாம், வலியில எப்படிப் போகும்?

இப்ப முக்கியமான வகுப்புக்கு வர்றேன். குடும்பத்தோட பேசுறதை அங்க நடிச்சுப் பழகுவாங்க. ஒரு நடிகை இறந்தவரோட அம்மாவா உக்காந்திருப்பாங்க. நாம டாக்டர். மத்தவங்க பாத்துக்கிட்டிருப்பாங்க. என் முறை வந்தது. தமிழ்ல எனக்கு எத்தனை வழி இருந்தது! தவறிட்டார், காலமாயிட்டார், நம்ம கையில ஒண்ணும் இல்ல, மேல இருக்கிறவன் பாத்துக்குவான். ஆங்கிலத்துல இன்னும் நாலு. ஸ்பானிஷ்ல அந்தச் சமயத்துல என்கிட்ட இருந்தது மொத்தம் ஒரு வாக்கியம். "சு இஹோ ஆ முவெர்தோ." உங்க மகன் இறந்துட்டார்.

சொன்னேன். அதுக்கப்புறம் என்ன சொல்றதுன்னு தெரியாம வாயை மூடிக்கிட்டு உக்காந்தேன். நடிகைதான், ஆனா அழுதாங்க. நான் அசையல, ஏன்னா பேச வார்த்தை இல்ல. முடிஞ்சதும் எங்க ஆசிரியை, முப்பது வருஷம் இந்த வேலை பாத்தவங்க, மத்தவங்ககிட்ட "இவரைப் பாத்தீங்களா, எப்படிக் காத்திருந்தார்"னு சொன்னாங்க. எனக்கு வெக்கமா போச்சு. காத்திருக்கல, முழிச்சேன்.

ஆனா அவங்க சொல்லிக் கொடுத்தது அதுதான். சாவைச் சாவுன்னு சொல்லு. மெஷின் உயிரை வெச்சிருக்குன்னு சொல்லாதே, காத்தைத் தள்ளுதுன்னு சொல்லு. சொல்லிட்டு நிறுத்து. உறுப்பு தானம்ங்கிற பேச்சை அதே மூச்சுல எடுக்காதே. புள்ளை செத்துட்டான்னு அவங்களுக்குப் புரிஞ்சப்புறம்தான் அது. 1979ல போட்ட அந்த நாட்டுச் சட்டப்படி, உயிரோட இருக்கும்போது வேண்டாம்னு சொல்லாதவங்க எல்லாரும் சம்மதிச்சவங்கதான். ஆனாலும் குடும்பத்தைக் கேக்காம யாரும் கை வைக்கிறதில்ல.

ஊர் திரும்பி எட்டு மாசத்துல மறுபடி ஒரு பையன். கிட்டத்தட்ட அதே வயசு. அப்பா மீன்பிடி படகுல போறவர். கட்டில் பக்கத்துல கூட்டிக்கிட்டு வந்து, உக்கார வெச்சு, நானும் உக்காந்து சொன்னேன்: "அண்ணே, உங்க பையன் இறந்துட்டான். இந்த மெஷின் உள்ள காத்தைத் தள்ளுது, அதான் நெஞ்சு ஏறி இறங்குது. மெஷினை எடுத்தா மூச்சு இருக்காது." நிறுத்திட்டேன். ரொம்ப நேரம். அவர் பையனோட கால் கட்டை விரலைப் பிடிச்சுக்கிட்டே நின்னார். அப்புறம் கேட்டார், "அவனுக்கு வலிச்சிருக்குமா சார்?"

இல்லண்ணே, வலிச்சிருக்காது.

ஒரு மணி நேரம் கழிச்சு தானம் பத்திக் கேட்டேன். "வேணாம் சார், முழுசா எடுத்துட்டுப் போறோம்"னார். சரிண்ணேன்னேன். கணக்குல பாத்தா இது எனக்குத் தோல்வி. ஆனா அன்னிக்கு யாரும் கம்மலை அடகு வெக்கல. கருமாதி முடிஞ்சு அவர் கிளினிக்குக்கு வந்து, சும்மா உக்காந்திருந்துட்டுப் போனார். இப்பவும் கறிக்கு நெத்திலி கொண்டு வந்து கொடுப்பார். காசு வாங்க மாட்டார்.

நடுவுல ஒண்ணு. வெளிமொழிப் படிப்பு நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முன்னாடி இதே திருப்பாதிரிப்புலியூர் பாடலிபுத்திரம்ங்கிற பேர்ல பெரிய சமணக் கல்வி மையம். சர்வநந்தி முனிவர் கி.பி. 458ல 'லோகவிபாகம்' எழுதினது இங்கதான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க, அதுவும் பிராகிருதத்துல. அப்பர் தருமசேனரா இருந்ததும் இங்கதான். அவ்வளவு படிச்சவர், சூலை நோய் வந்து வயிறு முறுக்கினதும் யாருக்கு ஆள் அனுப்பினார்? திருவதிகையில இருந்த அக்காவுக்கு. பெரியபுராணக் கதைதான். ஆனா ஐசியூ டாக்டரா எனக்கு இது நல்லாவே புரியுது.

சரி, நேத்து வந்த பொண்ணு. அம்மாகிட்ட சட்டத்தைச் சொல்லி முடிச்சிட்டு பொண்ணைக் கேட்டேன். "எந்த நாட்டுக்குப் போனாலும் ஆறு வருஷத்துல இங்கதானே வரப் போற. வயித்தைக் கலக்குதுன்னா என்ன, வயித்தைப் பிசையுதுன்னா என்ன, வித்தியாசம் சொல்லு."

போனைக் கீழ வெச்சுது. யோசிச்சுது. "ரெண்டும் ஸ்டமக் பெய்ன்தானே அங்கிள்?"

அம்மாவுக்குச் சிரிப்பு. "வீட்ல ஆயா இருக்குல்ல, அதைக் கேளு"ன்னேன். ஒரு நோட்டு வாங்கி எழுதிக்கிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கேன். வர்றாளான்னு பாப்போம்.