முறிந்த மரையாணி

பெரிய எந்திரங்களைப் பிணைத்து நிறுத்துபவை சிறிய மரையாணிகளே. பட்டறைகளில் போல்ட்டு என்று வழங்கும் இவை தம் கடமையைச் செய்துகொண்டிருக்கும் வரையில் எவர் கண்ணிலும் படுவதில்லை. அவற்றுள் ஒன்று முறிந்துவிட்டாலோ, எந்திரம் முழுவதும் வாளா நின்றுவிடுகின்றது. அந்நேரத்தில் மனிதனுடைய வலிமையைக் காட்டிலும் அவனுடைய பொறுமையே சோதனைக்கு உள்ளாகின்றது.

கிணற்றுப் பாசனத்தை நம்பிய சிற்றூர் ஒன்றில் உழவர் ஒருவர் இருந்தார். அவருடைய வயலில் நெற்பயிர் பால் பிடிக்கும் பருவத்தில் நின்றது. அப்பருவத்தில் நீர் குறைந்தால் மணிகள் பதராகும். அந்த வேளையில் அவருடைய டீசல் எஞ்சினின் புகைக்குழாய் இணைப்பில் பேக்கிங் எரிந்துபோய்ப் புகை கசியத் தொடங்கியது. தொழிற்பயிற்சி முடித்து வந்திருந்த அவர் மகன், “அப்பா, இதற்காகப் பட்டறைக்குப் போவானேன்? நான்கு போல்ட்டுகளைக் கழற்றிப் பேக்கிங் மாற்றினால் போதும், நானே செய்துவிடுகிறேன்” என்றான்.

இரண்டு மரையாணிகள் எளிதில் கழன்றன. மூன்றாவது அசையவில்லை. இளைஞன் ஸ்பானரின் பிடியில் நீண்ட குழாய் ஒன்றைச் செருகினான். பிடி இருமடங்கு நீண்டால், அதே கைவலிமை இருமடங்கு முறுக்கு விசையாக மாறும். அவன் ஒரே மூச்சில் இழுத்தான். ‘டக்’ என்றோர் ஓசை எழுந்தது. மரை நெகிழ்ந்தது என்று ஒரு நொடி மகிழ்ந்தான். மறுநொடி ஆணியின் தலை மட்டும் ஸ்பானரோடு கையில் வந்தது. எஞ்சிய உடல் எஞ்சினுக்குள்ளேயே தங்கிவிட்டது.

ஆணி ஏன் முறிந்தது? புகைக்குழாயை ஒட்டிய இரும்பு, எஞ்சின் ஓடும்போது கடுமையாகச் சூடேறும், நின்றதும் குளிரும். ஈரமும் காற்றும் சேர்ந்து மரைகளுக்கிடையே துருவை விளைவிக்கும். துரு, தான் தோன்றிய இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைக்கும் இயல்புடையது. ஆகவே அது மரைகளின் இடுக்குகளை நிரப்பி, ஆப்பு அறைந்ததுபோல் ஆணியை இறுக்கிவிடுகின்றது. அந்தப் பிடிப்பு ஆணியின் உறுதியை விஞ்சுமாயின், திருகும்போது ஆணி சுழலாது, முறியும்.

இளைஞன் உடனே துளையிடும் கருவியை எடுத்தான். அப்பொழுது அடுத்த வயலுக்குரிய முதியவர் அங்கு வந்தார். பல ஆண்டுகள் பட்டறையில் உழைத்தவர் அவர். முறிந்த இடத்தை உற்றுநோக்கிவிட்டு, “தம்பி, கழற்றுமுன் எண்ணெய் விட்டாயா?” என்று கேட்டார். இளைஞன் தலைகுனிந்தான். “பயிர் வாடுகிறது, தாத்தா, அவசரம்” என்றான். “உன் அவசரம் ஆணிக்குத் தெரியாது. இன்றிரவு என் கிணற்று நீரை உங்கள் வாய்க்காலுக்குத் திருப்பிவிடுகிறேன். நீ எண்ணெய் விட்டுக் காத்திரு” என்றார் முதியவர்.

துருவைத் துளைத்துச் செல்லும் மெல்லிய எண்ணெயை முறிந்த இடத்தில் துளித்துளியாக விட்டார்கள். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல், அது நுண்ணிய இடுக்குகளில் தானே ஊர்ந்து செல்லும். சுத்தியலால் மெல்லத் தட்டத் தட்டத் துருவில் விரிசல் விழும்; அவ்விரிசலில் எண்ணெய் புகும். இரவு முழுவதும் இவ்வாறு இடையிடையே செய்தார்கள்.

விடிந்ததும் வேலை தொடங்கியது. முறிந்த முகத்தை அரத்தால் சமன் செய்து, அதன் நடுவில் கூர்முனைக் கருவியால் குழியிட்டார்கள். நடு தவறினால் துளை ஒருபுறம் சாய்ந்து, எஞ்சினின் மரையையே தின்றுவிடும். கண்ணாடி அணிந்துகொண்டு, 8 மில்லிமீட்டர் ஆணியில் முதலில் 3 மில்லிமீட்டர் துளையும், பின்னர் அதையே அகலமாக்கி 5 மில்லிமீட்டர் துளையும் இட்டான் இளைஞன். அதனுள் ஸ்டட் எக்ஸ்ட்ராக்டர் என்னும் எஃகுக் கோலைச் செருகினான். நுனி குறுகி, இடப்புறமாகப் புரி சுற்றிய கோல் அது. கழற்றும் திசையில் திருகத் திருக அது ஆணியை மேலும் இறுகக் கவ்வும்.

ஆயினும் ஆணி அசையவில்லை. இளைஞனின் கை மீண்டும் குழாயைத் தேடியது. முதியவர் அவன் தோளைத் தொட்டார். “இந்தக் கோல் மிகக் கடினமானது, ஆதலால் எளிதில் நொறுங்கும். இதுவும் உள்ளே முறிந்தால், உன் துளைக்கருவி அதை வெட்டாது” என்றார். நேற்று ஓர் ஆணியை இழந்தவன் இன்று எஞ்சினின் தலைப்பகுதியையே இழந்திருப்பான்.

டீசல் தொட்டியை அப்புறப்படுத்தி, சிந்திய எண்ணெயைத் துடைத்துவிட்டு, ஆணியைச் சுற்றியுள்ள வார்ப்பிரும்பை எரிவாயுச் சுடரால் சூடேற்றினார்கள். வெப்பத்தால் இரும்பு விரிந்தது. துருவின் பிடி விண்டது. இம்முறை கோலைத் திருகியபோது ஆணி மயிரிழை அளவு நகர்ந்தது. இளைஞன் முன்னே இழுக்கவில்லை. சற்றுப் பின்னே திருப்பினான். பிறகு முன்னே, மீண்டும் பின்னே. இவ்வாறு அரைச் சுற்று, முழுச் சுற்று எனச் சென்று, முறிந்த ஆணி முழுமையாக வெளிவந்தது.

நான்காவது ஆணி எஞ்சியிருந்தது. அதற்கு எண்ணெய் விடவும் சூடேற்றவும் எவரும் இளைஞனுக்குச் சொல்லவில்லை. அவனே செய்தான். அது முறியாமல் கழன்றது. பின்னர் மரைகளைத் தூய்மை செய்து, கடையில் வாங்கிய புதிய ஆணிகளுக்குக் கிராஃபைட்டுப் பசை தடவி, அளவோடு இறுக்கினான்.

கடையில் வாங்கிய ஆணி எவ்வாறு அப்படியே பொருந்தியது என்பதும் எண்ணத்தக்கது. முற்காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரையை வெட்டிக்கொண்டது. இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லே 1800ஆம் ஆண்டையொட்டி மரைகளைத் துல்லியமாக வெட்டும் கடைசல் எந்திரத்தை உருவாக்கினார். அவருடைய பட்டறையில் பணியாற்றிய ஜோசப் விட்வொர்த், 1841இல் மரைகளுக்குப் பொது அளவு ஒன்றை முன்மொழிந்தார். அத்தகையோர் வகுத்த ஒழுங்கின் பயனாகவே இன்று ஓரிடத்தில் செய்த ஆணி வேறோரிடத்து எந்திரத்தில் பொருந்துகின்றது.

நண்பகலில் எஞ்சின் ஓடியது. நீர் வாய்க்காலில் பாய்ந்தது. பட்டறைக்குச் செல்லாமல் தன் கையாலேயே பழுது பார்ப்பது பெருமைக்குரியதே. ஆனால், எவ்விடத்தில் கை நிற்க வேண்டும் என்று அறிவதும் அக்கைத்திறனின் ஒரு பகுதியாகும். அசையாத ஆணி பகையன்று. ‘என்னைப் பிடித்திருப்பது எது என்று முதலில் அறிந்துகொள்’ என அது கேட்கின்றது. அக்கேள்விக்கு விடை தேடியவன் ஆணியையும் காப்பாற்றுகின்றான், பயிரையும் காப்பாற்றுகின்றான்.