அனிகட்: நம்ம ஊர் வார்த்தைதாங்க

மக்களே, 'அனிகட்'னு ஒரு இங்கிலீஷ் வார்த்தை கேள்விப்பட்டிருக்கீங்களா? ஜி.ஆர்.ஈ.க்கு மனப்பாடம் பண்ற லிஸ்டுல எல்லாம் வராது. பழைய பாசனப் புத்தகம் ஒண்ணைப் புரட்டினா பக்கத்துக்குப் பக்கம் இதுதான். ஆக்ஸ்போர்டு அகராதியைத் திறந்தா, மூலமொழி: தமிழ். நம்ம அணைக்கட்டேதான்!

கட்டுமரம் கேட்டமரான் ஆன கதைதான். 1886ல வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலேயே இது இருக்கு. காவிரியில முக்கொம்பு அப்பர் அனிகட், அணைக்கரை லோயர் அனிகட், நம்ம கல்லணை கிராண்ட் அனிகட்.

சரி, பெருமைப்பட்டாச்சு. விஷயம் இனிமேதான். நாம இப்போ எல்லாத்தையும் அணைக்கட்டுன்னு சொல்லிடறோம். பாசனப் புத்தகத்து இங்கிலீஷ்ல அப்படி இல்ல. ஆத்துக்குக் குறுக்கே தாழ்வா ஒரு சுவர். அது நீர்மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்தி வாய்க்காலுக்குள்ள தண்ணியைத் தள்ளும். மிச்சம் மேல வழிஞ்சு போயிடும். அதுதான் அனிகட். தேக்கி வைக்கிறது அதோட வேலை இல்ல. அதனால 1895ல திறந்த முல்லைப் பெரியாறும், 1959ல திறந்த வைகையும் டேம், அனிகட் கிடையாது.

எங்க ராயப்பன்பட்டி பக்கத்துல இருக்கிற சண்முகாநதி அணையும் டேம்தான். ஊர்ல சித்தப்பாகிட்ட இதைச் சொன்னேன். அகராதியே இல்லாம பிரிச்சுட்டார்: "எத்தனை அடி நிக்குதுன்னு கேட்டா அது டேமுப்பா. மேல வழியுதான்னு கேட்டா அது நீ சொல்றது."

யோசிச்சுப் பாத்தா சண்டை கூட அப்படித்தான் பிரியுது. பெரியாறுல 136 அடியா, 142 அடியா, 152 அடியான்னு எத்தனை வருஷம்! 2014ல உச்ச நீதிமன்றம் 142ன்னு தீர்ப்பு சொல்லியும் பேச்சு ஓயல. தேக்கற இடத்துல, சாவி யார் கையிலங்கறது கேள்வி. திருப்பற இடத்துல, தண்ணி முறை யாருக்குங்கறது கேள்வி. ரெண்டுக்கும் ஒரே பேர் வெச்சா இந்த வித்தியாசம் கண்ணுல படாது.

இன்னொரு கூத்து. ராஜஸ்தான் கிராமங்கள்ல ஓடைக்குக் குறுக்கே கட்டற சின்னத் தடுப்பை இன்னைக்கும் 'எனிகட்'னுதான் ஹிந்தியில சொல்றாங்க. நம்ம வார்த்தை இங்கிலீஷ் வழியா பாலைவனம் வரைக்கும் போயிருக்கு!

கண்மாய்க் கலிங்கு கூட 'கலிங்குலா'ன்னு அந்தக் காலத்து இங்கிலீஷ்ல இருக்கு. அது தனிப் பதிவா வரும். உங்க ஊர்ப்பக்கம் வழியற அணைக்கு வேற பேர் இருந்தா சொல்லுங்க மக்களே.