இறுக்கம் எந்த கேப்பில்?

மன்னார்குடிப் பக்கத்து டிராக்டர் பட்டறைகளில் மே மாதம் மூச்சுவிட நேரம் இருக்காது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறப்பது வழக்கம். குறுவைச் சேற்றுழவுக்கு முன் வண்டி வயலுக்குப் போயாக வேண்டும். நான் போன பட்டறையில் பழைய மாஸி ஃபெர்குசன் 1035 ஒன்று இரண்டாகப் பிரிந்து கட்டைகள் மேல் நின்றது. பெர்கின்ஸ் வழிவந்த சிம்ப்சன் எஞ்சின். மூன்று சிலிண்டர், நான்கு மெயின் பேரிங். கவிழ்த்து வைத்த பிளாக்கில், கிரைண்டிங் முடிந்து வந்த கிராங்க் உட்கார்ந்திருந்தது. பேரிங்கை மூடிப் பிடிக்கும் கேப்களை முறுக்கியாயிற்று, கிராங்க் சுற்ற மறுத்தது.

"பிஸ்டன் மாட்டலை, பின்பக்க ரோப் சீல்கூடப் போடலை. வெறும் கிராங்க் கையால தள்ளினாலே சுத்தணும்" என்றார் மேஸ்திரி.

"ஓட ஓட இளகிடாதா?" என்று கேட்டார் வண்டிக்காரர்.

"புது ரிங்கு, புது சீலுன்னா இளகும்ணே. பேரிங் இளகாது, உருகும்."

பேரிங்கில் உட்காரும் கிராங்க்கின் உருண்டைப் பகுதியான ஜர்னலுக்கும், அதைச் சுற்றியுள்ள பேரிங் ஷெல்லுக்கும் இடையில் இரண்டு மூன்று தவு இடைவெளி வேண்டும். தவு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; மூன்று தவு ஏறக்குறைய ஒரு தலைமுடிக் கனம். அந்தச் சந்தில் நிற்கும் ஆயில்தான் கிராங்க்கைத் தாங்குகிறது. சந்து இல்லாவிட்டால் இரும்பு ஷெல்லோடு உரசிச் சூடேறும். ஷெல்லின் மென்பூச்சு வழித்துக்கொண்டு போய்விடும்.

மேஸ்திரி எதையும் உடனே கழற்றவில்லை. மெல்லத் திருகிப் பார்த்தார். ஒரு சுற்றில் ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் கிராங்க் வளைந்திருக்கலாம். சுற்று முழுக்க ஒரே மாதிரி பிடித்தால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும் என்றார். இது இரண்டாவது வகை. பிறகு எல்லா கேப்களையும் தளர்த்தினார். கிராங்க் லேசாகச் சுற்றியது. முதல் கேப்பை டார்க் ரென்ச்சில் முறுக்கிச் சுற்றிப் பார்த்தார், சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதை முறுக்கியதும் கை நின்றது.

கேப் எண்ணும் பிளாக் எண்ணும் பொருந்தின, திருப்பியும் மாட்டவில்லை. ஷெல்லின் முதுகில் தூசியோ பிசிறோ இல்லை. கிராங்க் இருபது தவு குறைத்து அரைத்தது, ஷெல்லும் இருபதுதான். மைக்ரோமீட்டரில் ஜர்னலும் அளவாகவே இருந்தது. அளவெல்லாம் சரி, ஆனால் சுற்றவில்லை.

ஷெல்லை வெயிலில் சாய்த்துப் பிடித்தார். நடுவில் கீறலே இல்லை. இரண்டு ஓரங்களிலும் பளபளவென்று ஒரு கோடு. ஜர்னல் பக்கச் சுவரோடு சேரும் மூலையில் ஒரு வளைவு விடுவார்கள். பட்டறையில் அதற்கு 'ரேடியஸ்' என்று பெயர். அரைத்த கல்லின் ஓரம் தேய்ந்திருந்தால் அந்த வளைவு பெரிதாகிவிடும். ஷெல்லின் ஓரம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மைக்ரோமீட்டர் ஜர்னலின் நடுவைத்தான் அளக்கும், மூலையை அளக்காது.

"மூலையை அராவிவிடலாமா?" என்றான் உதவிக்கு நின்ற பையன்.

"கூர் மூலையா விட்டா கிராங்க் அங்கதான் வெடிக்கும் தம்பி. ரேடியஸ் இருக்கணும், அளவா இருக்கணும். அது கல்லு செய்யுற வேலை."

கிராங்க் மறுபடி கிரைண்டிங்குக்குப் போக வேண்டும். இதுபோன்ற நேரத்தில்தான் இரண்டு பட்டறைகளுக்கும் வாய்த்தகராறு முற்றும். அங்கே அளவு சரி என்பார்கள், இங்கே சுற்றவில்லை என்பார்கள், நடுவில் விவசாயியின் நாள் போகும். மேஸ்திரி போனில் குறையே சொல்லவில்லை. மூன்றாம் ஷெல்லைத் துணியில் சுற்றிக் கிராங்க்கோடு கட்டச் சொன்னார். "நாம சொன்னா சண்டை வரும். இதைப் பாத்தா அவங்களே கல்லைத் திருத்திக்குவாங்க."